மரத்துக்கு 100 வருஷம்... பிஎச்.டி-க்கு 6 வருஷம்! வனவியல் ஆராய்ச்சிப் படிப்பில் என்ன செய்வார்கள்?

வனவியலில் பிஎச்.டி முடிச்சா ஃபாரஸ்ட் ஆபீசர் ஆகிடலாமா? பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. பட்டத்தை மட்டும் வைத்து ஆக முடியாது. ஐ.எஃப்.எஸ் அதிகாரி ஆக யுபிஎஸ்சி தேர்வு எழுதணும். பிஎச்.டி வேறு ரகம்.

என்ன ஆராய்வார்கள்?

ஒரு காட்டில் வருஷத்துக்கு எவ்வளவு மரம் வளருது? அதில் எவ்வளவு எடுத்தால் காடு குறையாது? தீ பிடித்த இடத்தில் எந்தக் கன்று மறுபடி வருது? உண்ணிச்செடியை அகற்றினால் அங்கே புல் வளருமா? இதற்கெல்லாம் அளந்து பார்த்துப் பதில் சொன்னால்தான் 'நீடித்த வன மேலாண்மை' சாத்தியம்.

எங்கே படிக்கலாம்?

1906-ல் தொடங்கிய டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம், 1991 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் பிஎச்.டி இருக்கு.

யார் சேரலாம்? எத்தனை வருஷம்?

யுஜிசி-யின் 2022 விதிமுறைப்படி, முதுகலையில் 55% மதிப்பெண் அல்லது 4 வருட இளங்கலையில் 75% வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5% தளர்வு. குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். அதற்கு மேல் 2 வருட நீட்டிப்பு கேட்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இன்னும் 2 வருஷம். யுஜிசி-யின் ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் முதல் 2 வருஷம் மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. இது 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த தொகை.

சிக்கல் எங்கே?

தேக்கு முதிரவே பல பத்தாண்டு ஆகும். 6 வருஷத்தில் ஒருத்தர் எவ்வளவு பார்த்துவிட முடியும்? அதனால்தான் நிரந்தர ஆய்வுத் திடல்கள் முக்கியம். முதுமலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988-ல் 50 ஹெக்டேர் திடல் அமைத்தது. மார்பு உயரத்தில் 1 செ.மீ. விட்டம் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, திரும்பத் திரும்ப அளக்கிறார்கள். முன்னாடி வந்தவர் அளந்த கணக்கில் இருந்துதான் அடுத்தவர் தொடங்குகிறார்.

அனுமதி வேண்டுமா?

கட்டாயம். சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அனுமதி தாமதமானால் ஒரு மழைக்கால அளவீடே போய்விடும். அடுத்த வருஷம் வரை காத்திருக்கணும்.

அதனால், சேரும் முன் நெறியாளரிடம் 2 கேள்வி கேளுங்க: பழைய அளவீடுகள் கைவசம் இருக்கா? காட்டுக்குள் போக அனுமதி தயாரா?