சான்பிரான்சிஸ்கோ மலர்மாளிகை: இற்ற மரம் மீண்ட வரலாறு

அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, சான்பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவில், வெண்ணிறச் சாயம் பூசிய கண்ணாடி மலர்மாளிகை ஒன்று நிற்கிறது. ஜேம்ஸ் லிக் என்னும் செல்வர் தம் தோட்டத்துக்காக இதனை வரவழைத்தார். பெட்டிகளைப் பிரிக்கு முன்னரே, 1876-இல் அவர் காலமாகிவிட்டார். நகரத்துப் பிரமுகர்கள் சிலர் அதனை வாங்கிப் பூங்காவுக்கு அளித்தனர். 1879-இல் மாளிகை திறக்கப்பட்டது.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற கியூ பனை மாளிகையின் எலும்புக்கூடு இரும்பாலானது. இதன் எலும்புக்கூடோ மரம். அதுவும் கலிபோர்னியாவின் ரெட்வுட். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த அம்மரத்தின் வைரம் எளிதில் மக்காது. வெளிறு அப்படியன்று.

ஆயினும் வைரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மலர்மாளிகைக்குள் வெப்பநாட்டுச் செடிகள் வாழவேண்டி, கொதிகலன் மூட்டி வெக்கையும் ஈரமும் உண்டாக்கினர். வெளியிலோ பசிபிக் கடலின் குளிர்ந்த மூடுபனி. குளிர்ந்த கண்ணாடியில் உள்ளிருக்கும் ஆவி பட்டு நீராகிச் சட்டங்களின் வழியே கீழிறங்கும், மூட்டுகளில் தேங்கும். மரத்தின் வெட்டுமுனை பஞ்சைப்போல் நீரைக் குடிக்கும். மேலே சாயம் பளபளக்க, உள்ளே பூஞ்சணம் தன் வேலையை முடித்துவிடும். மழை ஒழுகாத கூரையும் இவ்வாறு இற்றுப்போவது உண்டு. மலேசியாவில் மரவீட்டில் வாழ்ந்தோர்க்கு இது புதுச் செய்தியன்று.

1883-இல் கொதிகலன் வெடித்து நடுக்கும்மட்டம் எரிந்தது. ரயில்வே அதிபர் சார்லஸ் குரோக்கர் 10,000 டாலர் கொடுத்துச் சீர்செய்வித்தார். 1906-ஆம் ஆண்டுப் பூகம்பம் நகரையே நொறுக்கியும் மாளிகை தப்பியது. பூகம்பத்துக்கு அசையாதது ஈரத்துக்குத் தளர்ந்தது. உறுதி குன்றிவிட்டதென்று 1933-இல் அதனை மூடினர். மீண்டும் திறக்கப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

1995 டிசம்பரில் மணிக்கு நூறு மைல் வேகத்தில் வீசிய புயல் கண்ணாடிகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டை உடைத்தெறிந்தது. மாளிகை மறுபடியும் மூடப்பட்டது. இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவது எளிது என்று தோன்றக்கூடும். ஆனால் பழைய ரெட்வுட் காடுகளில் பெரும்பகுதி அதற்குள் வெட்டித் தீர்ந்துவிட்டது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை காப்புக் காடுகள். எனவே பழைய சட்டம் ஒவ்வொன்றும் விலைமதிப்புடைய பொருளாயிற்று. 1996-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அபாயத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் மாளிகையைச் சேர்த்தது. அதன்பின் கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பழுதுபார்த்தனர்.

இத்தகைய வேலையில் தச்சனுக்குப் பொறுமையே முதல் கருவி. உளிமுனையால் குத்திப் பார்த்து, இற்றது எங்கே முடிகிறது, உறுதியான மரம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்கிறான். நல்ல மரம் தென்படும்வரை வெட்டி, அதே இனத்து வைரத் துண்டைச் சாய்வெட்டாகப் பொருத்தி ஒட்டுகிறான். சிறிதளவு இற்ற பகுதியை விட்டுவைத்தாலும் பூஞ்சணம் அங்கிருந்து மீண்டும் பரவும். அவசரத்துக்கு வெளிறு மரத்தை ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டே முதலில் மக்கிப்போகும்.

பணி முடியச் சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவாயிற்று. உள்ளே நூறாண்டு கடந்த பிலோடென்ட்ரான் செடி ஒன்று நின்றது. அதனைப் பெயர்க்க இயலாமையால், நின்ற இடத்திலேயே போர்த்திப் பாதுகாத்து, அதைச் சுற்றி வேலை நடத்தினர். 2003 செப்டம்பரில் கதவுகள் திறந்தபோது செடி உயிரோடு இருந்தது.