வலி தெரியாத பாதங்கள்: வேலூர் உலகுக்குச் சொன்ன பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் சிவனுக்கு வைத்தியநாத சுவாமி என்று பெயர். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் (1623-1659) வயிற்று வலி தீர இங்கு வந்து வழிபட்டார் என்றும், வலி நீங்கியது என்றும் அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். வலி போக வேண்டும் என்று வேண்டிக் கொள்வதுதான் உலக வழக்கம். வலி வேண்டும் என்று யாராவது கேட்பார்களா?

கேட்டிருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். வலி இல்லாத ஒரே காரணத்தால் பாதங்களை இழந்தவர்கள் அவர்கள். இன்று சர்க்கரை நோயுள்ள முதியவர்களின் கால்களைக் காக்கும் மருத்துவத்தில் ஒரு பெரும் பகுதி, அவர்களுக்குச் சிகிச்சை செய்தபோது வேலூரில் கற்றதுதான். அந்த வரலாற்றைச் சற்று பார்ப்போம்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929-ல் தந்தை மலையிலேயே காய்ச்சலில் இறந்து போனார். மகன் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்று, பிறகுதான் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை அப்போது ராபர்ட் காக்ரேன் நடத்தி வந்தார். அங்கே சென்ற பிராண்ட், விரல் மடங்கிப் போன கைகளையும் ஆறாத புண் கொண்ட பாதங்களையும் கண்டார். எலும்பு, மூட்டு மருத்துவர்கள் யாரும் இவற்றை ஏன் ஆராயவில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக் கொண்டது. 1948-ல் வேலூரில் மடங்கிய கைகளை நிமிர்த்தும் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்.

புண்ணுக்குக் காரணம் யார்?

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாகவே அழுகி விழுந்துவிடும் என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அறுவை செய்த இடங்கள் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே இவர்களுக்கும் ஆறின. அப்படியென்றால் சதையில் கோளாறு இல்லை. பின் புண் எங்கிருந்து வருகிறது?

பிராண்டும் உடன் இருந்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கவனித்துப் பார்த்தார்கள். ஒருவர் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குவார். இன்னொருவர் செருப்பில் ஆணி குத்தியிருப்பது தெரியாமல் நாள் முழுதும் நடப்பார். இரவில் விரல் காணாமல் போன மர்மத்துக்கும் விடை கிடைத்தது. தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. வலி தெரியாததால் அவர் எழுந்திருக்கவே இல்லை! அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

கணுக்கால் விஷயமும் இதே கதைதான். கணுக்கால் சுளுக்கினால் நாம் நொண்டுகிறோம். நொண்டுவதால் அந்தக் காலுக்கு ஓய்வு கிடைக்கிறது. வலி தெரியாதவர் நொண்டுவதில்லை. சுளுக்கிய காலிலேயே முழு எடையையும் வைத்து நடக்கிறார். முடிவில் மூட்டு நொறுங்கிப் போகிறது.

ஒரே ஒரு பெரிய காயம்தான் புண்ணை உண்டாக்கும் என்பதில்லை. சிறிய அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுந்தாலும் சதை கன்றிப்போகும். நல்ல உணர்வுள்ளவர் அதை அறியாமலேயே நடையைக் கொஞ்சம் மாற்றிக் கொள்வார். உணர்வற்றவரால் அது முடியாது.

செருப்பே மருந்து

காரணம் தெரிந்ததும் சிகிச்சையின் திசை மாறியது. ஆறாப்புண் உள்ள காலுக்கு மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பும் முறை 1930-களிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் கையாளப்பட்டது. பிராண்ட் அதைப் பெரிதும் பயன்படுத்தினார். ஆனால் கட்டைப் பிரித்ததும் பழைய செருப்பில் நடந்தால் புண் திரும்ப வந்துவிடும். ஆகவே நல்ல செருப்பைத் தேடும் வேலை தொடங்கியது. மரம், பிளாஸ்டிக், ரப்பர் எனப் பலவற்றைச் சோதித்தார்கள். கடைசியில் நிலைத்தது எம்.சி.ஆர். எனப்படும் மைக்ரோசெல்லுலர் ரப்பர். உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அது. பாதத்தின் எடை ஓரிடத்தில் குவியாமல் அது பார்த்துக் கொள்கிறது. இன்றும் சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு இதுதான்!

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்தப் பணி தொடர்ந்தது. 1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஒரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது. பல ஆண்டுகள் சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாத நரம்புகளும் இப்படியே மரத்துப் போகின்றன. நோய் வேறு, ஆபத்து ஒன்றே.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா? 10 கிராம் விசையில் வளையும் அந்த இழையை உணர முடியாத பாதத்துக்குத் தற்காப்பு இல்லை என்று காட்டிய ஆய்வு 1986-ல் கார்வில்லிலிருந்துதான் வெளிவந்தது. பிராண்ட் 2003-ல் காலமானார்.

ஈவ்லின் பாட்டியின் இரண்டு கழிகள்

மகன் பாதங்களைக் காப்பாற்றிக் கொண்டிருக்க, தாய் ஈவ்லின் தன் முதுமையில் கொல்லிமலைப் பாதைகளில் நடந்து கொண்டிருந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் அவர் மலைக்கே திரும்பிப் போனார். எழுபது வயதைக் கடந்தபின் ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கட்டிலில் வைத்து மலையிலிருந்து கீழே தூக்கி வந்தார்கள். ஓய்வெடுக்கும்படி மகன் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. இரு கைகளிலும் மூங்கில் கழிகளை ஊன்றிக் கொண்டு மறுபடியும் நடந்தார். 1974-ல் தம் 95-வது வயதில் இறக்கும்வரை மலை மக்களுக்கு உழைத்தார். வயதானவரை உட்கார வைத்துவிடுவது பாதுகாப்பு ஆகாது, ஊன்றுகோல் கொடுத்து நடக்க வைப்பதே பாதுகாப்பு என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு

இந்த வரலாற்றில் நமக்கான பாடம் எளியது. பாதம் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் தினமும் ஒரு முறை பார்க்க வேண்டும். அவர்களால் குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளைகள் பார்க்கலாம். செருப்பைப் போடுமுன் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்கக் கூடாது. ஆணிக்காலை பிளேடால் அறுக்கக் கூடாது. வழுக்கும் ரப்பர் செருப்பை விட, பின்பக்கம் வார் உள்ள செருப்பு விழாமல் காக்கும்.

கோயிலுக்குள் செருப்பில்லாமல்தான் போக வேண்டும். ஆனால் உச்சி வெயிலில் பிரகாரக் கல் எவ்வளவு சுடும் என்பது நமக்குத் தெரியும். மரத்துப் போன பாதத்துக்குத் தெரியாது! அப்படிப்பட்ட பாட்டியையோ தாத்தாவையோ காலை வேளையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ அழைத்துச் செல்வது நல்லது. வீடு வந்ததும் "கால் வலிக்குதா?" என்று கேட்பதோடு நின்றுவிடாமல், அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.