சதுரங்கத் தேரும் விண்கலப் போரும்

மலாய் மொழியில் சதுரங்கத்திற்குச் 'சாத்தூர்' என்று பெயர். அரசன் 'ராஜா', யானை 'கஜா'. மூலையில் நிற்கும் காயைப் பழைய வழக்கில் 'தீர்' என்பர். நம் 'தேர்' என்னும் சொல்லே கடல் கடந்து அவ்வாறு திரிந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் கொள்கை. ('குடா' என்பதையும் நம் குதிரையோடு இணைப்பார் உளர், அது ஐயத்திற்குரியது.) இந்நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே போர் விளையாட்டு ஒன்றின் வழியாகத் தமிழ்ச்சொல் இங்கு இடம்பெற்றுவிட்டது.

இன்று நம் பிள்ளைகள் ஆடும் போர் விளையாட்டோ வானவெளியில் நிகழ்கிறது. ஆசிரியர்களாகிய நாம் அதனை வீண்பொழுது என்று தள்ளிவிடுகிறோம். அதன் வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும்.

1962 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறியில், ஸ்டீவ் ரசலும் அவர்தம் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தை இயற்றினர். இரண்டு கலங்கள், நடுவே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பு இரண்டையும் இடையறாது இழுக்கும். அவ்விழுப்பையே துணையாகக் கொண்டு வளைந்து பாய்ந்து எதிரியைச் சுடுபவன் வெல்வான். பின்னணியில் மின்னும் புள்ளிகளும் கற்பனையல்ல. பீட்டர் சாம்சன் என்பவர் மெய்யான வானத்தின் விண்மீன்களையே அதில் அமைத்தார். சதுரங்கத்தில் ஆடுவோன் பலகைக்கு மேலிருந்து படையை ஏவுகிறான். இங்கோ அவனே கலத்தினுள் இருக்கிறான்.

1974 இல் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடிய போர் விளையாட்டிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' பிறந்தது. படை முழுவதற்கும் பதிலாக ஒரே வீரன். ஆடுவோன் அவ்வீரனாகவே பேசி நடப்பான். கூத்தில் வேடம் புனையும் நம்மவர்க்கு இது புதுமையன்று.

இவ்விரண்டு நெறிகளும் கூடிய ஆட்டங்களுள் 1992 இல் வந்த 'ஸ்டார் கண்ட்ரோல் 2' குறிப்பிடத்தக்கது. பூவுலகம் பகைவரிடம் சிறைப்பட்டிருக்கிறது. ஆடுவோன் ஒரு கலத்தின் தலைவன். கோள்களில் கனிமம் அகழ்ந்து பொருளீட்ட வேண்டும், வேற்றுலகத்தாரிடம் பேசித் துணை தேட வேண்டும், போரிடவும் வேண்டும். குறளின் பொருட்பாலைக் கற்பிப்போர் இதனைக் கண்டால் வியப்பர். எந்தக் கலம் எவரை வெல்லும் என்று அறிவது வலியறிதல். கோளின் ஈர்ப்பைக் கணித்து நிற்பது இடனறிதல். காலந்தாழ்த்தினால் பகைவர் இனம் இனமாக அழித்துக்கொண்டே வருவர். ஆகவே காலமறிதலும் உண்டு. தூது என்னும் அதிகாரத்திற்கோ இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் வகுப்பறையில் கிட்டாது என்பேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1998 இல் வெளியான 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் புகழ்பெற்ற விண்வெளிப் போர்த்தந்திர ஆட்டம் 2017 இல் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் உருவங்களைப் புதிதாய்த் தீட்டும் பணியில் இங்குள்ள லெமன் ஸ்கை நிறுவனத்தார் ஈடுபட்டனர். புதுப்பித்த ஆட்டம் 13 மொழிகளில் வந்தது. தமிழ் அவற்றுள் இல்லை. வணிகர் தம் கணக்கைப் பார்ப்பர். அவர்மேல் குறை கூறிப் பயனில்லை.

ஆனால் 'ஸ்டார் கண்ட்ரோல் 2' செய்தி வேறு. அதனை ஆக்கியோர் 2002 இல் அதன் மூலநிரலை அனைவர்க்கும் திறந்துவிட்டனர். 'தி அர்-குவான் மாஸ்டர்ஸ்' என்னும் பெயரில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அதன் உரையாடல்களை வணிக நோக்கமின்றித் தமிழாக்க எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நான்கு ஆசிரியர்கள் மாலை வேளைகளில் கூடினால் தொடங்கிவிடலாம்.

பணி எளிதன்று. ஒவ்வோர் இனத்தார்க்கும் பேச்சுநடை வேறு. ஸ்பாத்தி என்போர் அச்சமே உருவானவர். அவர்க்கு நடுங்கும் தமிழ் வேண்டும். ஆர்ஸ் என்போர் பேச்சோ ஆட்டத்திலுள்ள மொழிபெயர்ப்புப் பொறிக்கே விளங்காது. பொருந்தாத சொற்களை உடுக்குறியிட்டு அது ஒருவாறு ஒப்பேற்றும். அப்பகுதியை நானும் தமிழில் எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் செல்லவில்லை.