எடைத் தராசில் இன்டெலும் ஏ.எம்.டி.யும்

பழைய கம்ப்யூட்டரைக் கழற்றி, காய்ந்துபோன பசையைத் துடைத்தால் பிராசஸரின் தலையில் அதன் ஊர் தெரியும். இன்டெல் கோர் 2 டுயோவில் பெரும்பாலும் ‘மலாய்’ என்று ஒரே சொல்தான் இருக்கும். ஏ.எம்.டி. அத்லான் கொஞ்சம் வாயாடி. சிலிக்கான் வேலை ஜெர்மனியில், மேல்வேலை மலேசியாவில் என்று இரண்டையும் சொல்லிவிடும். ஜெர்மனி என்றால் டிரெஸ்டன் நகரத்து ஆலை. மலேசியா என்றால் பினாங்கு. இன்டெலும் ஏ.எம்.டி.யும் அங்கே கால்வைத்தது ஒரே ஆண்டில், 1972-ல், ஒரே பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில். நம்மூர்க்காரர்கள் தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் கப்பலேறிப் போன பினாங்குதான். அங்கிருந்து சிப் எதிர்த்திசையில், விமானத்தில் வந்தது.

இரண்டுக்கும் பூர்வீகமும் ஒன்றுதான். ஃபேர்சைல்டு செமிகண்டக்டரில் இருந்து பிரிந்துபோனவர்கள் 1968-ல் இன்டெலையும், 1969-ல் ஏ.எம்.டி.யையும் தொடங்கினார்கள். தன் பி.சி.க்கு ஒரே ஆளை நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பவில்லை, இரண்டாவது சப்ளையர் வேண்டும் என்றது. அதனால் 1982-ல் இன்டெலே தன் வடிவமைப்பை ஏ.எம்.டி.க்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. பிறகு பல ஆண்டுகள் கோர்ட் வழக்கு. பங்காளிச் சண்டைக்கு உண்டான அத்தனை லட்சணமும் அதில் உண்டு.

தமிழ்நாட்டு ஆபீஸ்களில் பழைய கம்ப்யூட்டர்களைத் திறந்தால் இன்டெல்தான் அதிகம் இருக்கும். டெல் நிறுவனம் 2006 வரை இன்டெல் சிப்பை மட்டுமே போட்டு விற்றது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அதன் ஆலை வந்தது 2007-ல். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு இன்டெல் தள்ளுபடி கொடுத்துத் தன்னை வெளியே நிறுத்தியதாக ஏ.எம்.டி. போட்ட வழக்கு, 2009-ல் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்த பிறகு சமரசத்தில் முடிந்தது. சென்னை ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கி ‘அசெம்பிள்’ செய்தவர்களிடம்தான் ஏ.எம்.டி. ஓடியது. ‘காசு குறைவு, ஆனா சூடாகும்’ என்பது அதன் பெயர். பாதி நியாயமான பெயர்தான். 2000, 2001-ல் வந்த அத்லான்களில் மேலே உள்ள ஹீட்சிங்க் கழன்றுவிட்டால் சிப் கருகிவிடும். பென்டியம் 4 தானாக வேகத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளும். ஆனால் 2004-ல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4 அடுப்பாகவே கொதித்தது. அதற்காக யாரும் இன்டெலின் பெயரை மாற்றவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இந்தப் போட்டிக்கு அர்த்தமே வேறு. அங்கே இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ரோலிங் மில்கள். ஆலை வாசலில் எடைமேடை, பக்கத்து அறையில் ஒரு டெஸ்க்டாப். லாரி ஏறி நின்றதும் எடை திரையில் வர வேண்டும், சீட்டு அச்சாக வேண்டும். இந்த வேலைக்கு எத்தனை கோர் என்று கேட்பவர் கிடையாது. பின்புறம் சீரியல் போர்ட் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், எடை காட்டும் கருவி அந்த வயரில்தான் பேசும். அலுவலக உள்ளறையில் கணக்கு எழுத டாலி மென்பொருள். அதற்கும் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருந்தால் போதும். 2017-ல் ஏ.எம்.டி.யின் ரைசன் வந்து வேகத்தில் இன்டெலைத் திணறடித்தபோது, முதலில் வந்தவற்றில் அந்த வசதி இல்லை. தனி கார்டு வாங்க வேண்டும். கணக்குப்பிள்ளை மேசைக்கு யார் அதை வாங்கிக் கொடுப்பார்? இரும்புத் தூசி ஃபேனை அடைக்க, பவர் சப்ளை போக, இரண்டு மூன்று முறை மாற்றி ஓட்டுவார்கள். பிராசஸர் சாவது அபூர்வம். அதைச் சுற்றியுள்ளவை செத்துப்போவதால்தான் அதற்கும் ஓய்வு.

அப்புறம் காயலான் கடை. இங்கேதான் இரண்டு பிராண்டையும் ஒப்பிடும் முறை தலைகீழாகிறது. கிகாஹெர்ட்ஸ் இல்லை, விலைப்பட்டியல் இல்லை. சிப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார்கள்: பின் இருக்கிறதா?

தங்கமுலாம் பூசியது அந்தப் பின்தான். பழைய 478 வகை பென்டியம் 4-ல் 478 பின்கள் சிப்பிலேயே நிற்கும். 2004-ல் இன்டெல் பின்களை மதர்போர்டின் சாக்கெட்டுக்கு மாற்றியது. சிப்பின் அடியில் 775 தட்டையான புள்ளிகள் மட்டும் மிஞ்சின. ஏ.எம்.டி. சாதாரண மேசைக் கம்ப்யூட்டர்களில் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருந்தது, ரைசனின் ஏ.எம்.4 சிப்பில் 1,331 பின்கள். கடைக்காரருக்கும் இது வித்தியாசம்தான். ஹீட்சிங்கை இழுத்தால் பசையோடு ஒட்டிக்கொண்டு ஏ.எம்.டி. சிப்பும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும், பின் மடங்கும். அழுத்துப் பென்சிலின் காலி முனையைப் பின்னில் செருகி ஒவ்வொன்றாக நிமிர்த்துபவர்கள் உண்டு. இன்டெலில் மடங்குவது மதர்போர்டின் பின். அதை நிமிர்த்துவது பெரும்பாடு, பல நேரம் போர்டே போய்விடும். ஒடிந்தால் நஷ்டம் யாருக்கு என்ற கேள்வியை இன்டெல் நைசாகப் போர்டு செய்பவர் பக்கம் தள்ளிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

ஆக, எடைக்குப் போடும்போது பின் உள்ள ஏ.எம்.டி. ஒரு குவியல், பின் இல்லாத இன்டெல் ஒரு குவியல். புதிதாக விற்றபோது மட்டமாகப் பார்க்கப்பட்டதற்கு இங்கே ஒரு படி மரியாதை கூடுதல். இரண்டுக்கும் மேலே பழைய செராமிக் சிப்புகள். அவற்றின் ராஜா இன்டெலின் 1995-ஆம் ஆண்டு பென்டியம் புரோ. எவ்வளவு புதிய சிப்போ அவ்வளவு குறைவு தங்கம்.

அந்தத் தங்கத்துக்காக ராஜதிராவகத்தில் சிப்பைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக். திறந்த வெளியில் செய்தால் பழுப்புப் புகை நுரையீரலுக்கும், மீதி அமிலம் நிலத்தடி நீருக்கும் போகும். முறைப்படி என்றால் அனுமதி பெற்ற மின்கழிவு ஆலைக்குத்தான் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், ஆலைக்குத் தரும் சான்றிதழைத் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று மீட்டெடுத்த உலோகத்தோடு கட்டிவிட்டன. இந்தியாவில் பிரித்தெடுத்த போர்டுகள் பெல்ஜியத்தின் ஹோபோக்கன் உருக்காலை வரை போனதும் உண்டு.

கேபினட்டின் இரும்புக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. சிப்காட் உலையிலேயே உருகிக் கட்டடக் கம்பியாகிவிடலாம். எடைமேடைக் கம்ப்யூட்டராக இருந்தது, அதே எடைமேடையில் சரக்காக ஏறும். எதற்கும் உதவாத நச்சு மிச்சங்களுக்கும் கும்மிடிப்பூண்டியிலேயே அபாயக் கழிவுக் கிடங்கு இருக்கிறது.

2022-ல் ஏ.எம்.டி.யும் தோற்றுப்போய் பின்களைப் போர்டுக்கு அனுப்பிவிட்டது. ஏ.எம்.5 சிப்பின் அடியில் 1,718 புள்ளிகள், ஒரு பின்கூட இல்லை. இவை காயலான் கடைக்கு வந்துசேர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அப்போது இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டலாம். மதர்போர்டுக்குத்தான் விலை பேச வேண்டியிருக்கும்.