கம்பெனி திருப்பி அனுப்பிய ஆல்பம்

1984-ல் எரிக் கிளாப்டன் ஒரு ஆல்பத்தை முடித்து வார்னர் பிரதர்ஸ் கம்பெனியிடம் கொடுத்தார். கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. காரணம், ரேடியோவில் ஓடக்கூடிய ஹிட் பாட்டு அதில் போதவில்லை என்பதுதான். அப்போதே கிட்டார் உலகின் ஜாம்பவான்களில் ஒருவராக இருந்தவருக்கே இந்தக் கதி!

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபது வருடத்துக்கு முன் இதே மாதிரி விஷயத்துக்காகத்தான் அவர் ஒரு குழுவையே உதறினார். அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின உழைப்பாளிகளிடம் பிறந்தது ப்ளூஸ் இசை. மூன்றே கார்டுகளில் சோகத்தையும் நக்கலையும் சேர்த்துச் சொல்லிவிடும். அறுபதுகளில் லண்டன் இளைஞர்கள் பலர் அதை இசைத்தட்டில் கேட்டே கற்றார்கள். கிளாப்டன் அவர்களில் ஒருவர். அவர் வாசித்துவந்த யார்ட்பேர்ட்ஸ் குழு 1965-ல் 'ஃபார் யுவர் லவ்' என்ற பாப் பாட்டை வெளியிட்டது. பாட்டு ஹிட். ஆனால் "இது ப்ளூஸ் இல்லை" என்று கிளாப்டன் விலகிவிட்டார். அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபது வயதுதான்.

எண்பதுகளில் நிலைமை வேறு. எம்டிவி 1981-ல் வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் சிந்தசைசர், எலக்ட்ரானிக் டிரம்ஸ். வார்னரில் கிளாப்டன் கொடுத்த முதல் ஆல்பம், 1983-ல் வந்தது, பெரிதாக விற்கவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு நண்பர் ஃபில் காலின்ஸைத் தயாரிப்பாளராக்கி, கரீபியன் தீவான மான்செராட்டில் பதிவு செய்தார். அதைத்தான் கம்பெனி திருப்பியது.

இந்த முறை அவர் விலகவில்லை. டெக்சாஸைச் சேர்ந்த ஜெர்ரி லின் வில்லியம்ஸ் என்பவர் எழுதிய மூன்று பாட்டுகளைக் கம்பெனி நீட்டியது. லாஸ் ஏஞ்சலஸில் கம்பெனியின் சொந்தத் தயாரிப்பாளர்களை வைத்தே அவை பதிவாயின. 1985-ல் 'பிஹைண்ட் த சன்' வெளியானது. அந்த மூன்றில் ஒன்றான 'ஃபாரெவர் மேன்' அமெரிக்கப் பட்டியலில் 26-வது இடம் வரை போனது. ஆனால் அதே ஆல்பத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு நீண்ட ப்ளூஸும் இருக்கிறது. ஒரே தட்டில் இரண்டு மனது!

1986-ல் வந்த 'ஆகஸ்ட்' இன்னும் ஒரு படி மேலே. ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா குழுவின் எலக்ட்ரானிக் பாட்டு ஒன்றைக்கூட அதில் பாடியிருக்கிறார். "கிளாப்டன் விலைபோய்விட்டார்" என்று பழைய ரசிகர்கள் புலம்பியதில் ஆச்சரியமில்லை.

அவர்கள் சொன்னது சரியா? பாதி சரி. எண்பதுகளின் அந்த டிரம்ஸ் சத்தம் இன்று கேட்டால் பழசாகத்தான் தெரிகிறது. ஆனால் மீதிக் கதையையும் பார்க்க வேண்டும்.

1992 ஜனவரியில் எம்டிவிக்காகச் சிறிய கூட்டத்தின் முன் அக்கூஸ்டிக் கிட்டாரோடு உட்கார்ந்தார் கிளாப்டன். சிந்தசைசர் பளபளப்பு எதுவும் இல்லை. முப்பதுகளில் ராபர்ட் ஜான்சன் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டுகளை வாசித்தார். அதே மேடையில் 'ரன்னிங் ஆன் ஃபெய்த்' என்ற பாட்டும் இருந்தது. அதை எழுதியவர் யார் தெரியுமா? கம்பெனி கட்டாயப்படுத்திக் கொண்டுவந்த அதே ஜெர்ரி லின் வில்லியம்ஸ்! பழைய ப்ளூஸுக்குப் பக்கத்தில் அது கொஞ்சமும் உறுத்தவில்லை. அந்த 'அன்பிளக்ட்' ஆல்பம்தான் அவர் வாழ்க்கையிலேயே அதிகம் விற்றது. 1994-ல் முழுக்க முழுக்கப் பழைய ப்ளூஸ் பாட்டுகளோடு 'ஃப்ரம் த கிரேடில்' வந்தது. அதுவும் அமெரிக்காவில் முதலிடம்.

ஆக, ஹிட் பாட்டு வேண்டும் என்று கம்பெனி போட்ட கணக்கு அந்த வருடத்துக்குச் சரி. பத்து வருடத்துக்குத் தப்பு. எதை ஓரமாக வைக்கச் சொன்னார்களோ, கடைசியில் அதுதான் கோடிக்கணக்கில் விற்றது. அதேசமயம், கம்பெனி திணித்த ஆளிடமிருந்தும் தனக்குப் பொருந்தும் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டார் கிளாப்டன். இருபது வயதில் விலகிப் போகத் தெரிந்தது. நாற்பதில் வளைந்துகொடுத்துவிட்டுத் திரும்பி வரத் தெரிந்தது. இரண்டாவதுதான் கஷ்டமான வித்தை.