துட்டு: ஒரு டச்சுச் சொல்லின் மரபும் பொருள்மாற்றமும்

முன்னுரை

பேச்சுத்தமிழில் பணத்தைக் குறிக்கும் ‘துட்டு’ என்னும் சொல்லைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி டச்சு மொழியிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. மூலச்சொல்லான ‘டாய்ட்’, நெதர்லாந்தில் வழங்கிய மிகச் சிறிய செப்புக்காசின் பெயராகும். ஐரோப்பாவில் அற்பப்பொருளைச் சுட்டுமளவிற்குத் தாழ்ந்த அப்பெயர், ஆசியாவில் பணம் முழுமைக்கும் பெயராக உயர்ந்தது. இம்முரணின் காரணம் காசு புழங்கிய களத்தில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்லின் மரபு

‘டாய்ட்’ இடைக்கால டச்சிலும் கீழ்ஜெர்மனிலும் வழங்கியது. பழைய நார்ஸ் மொழியில் சிறுநாணயத்தைக் குறித்த ‘த்வெய்ட்டி’ இதற்கு இனச்சொல். அதன் வினையடி ‘வெட்டு’ என்னும் பொருளுடையது. மரத்தைச் சீவுதலைக் குறிக்கும் ஆங்கில ‘விட்டில்’ என்பதும் அவ்வடியிற் பிறந்ததே. மொழிமுதல் உரசொலி டச்சில் வெடிப்பொலியாதல் இயல்பு. ஆங்கிலத் ‘திங்’ டச்சில் ‘டிங்’ ஆகும். வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவிய வணிகர் வெள்ளியை வெட்டி நிறுத்துக் கொடுத்தனர். வெட்டிய துண்டின் பெயர் காசுக்கு ஆதல் அவ்வழக்கோடு பொருந்துகிறது.

பொருள் பிரிந்த வரலாறு

எட்டு டாய்ட் ஒரு ஸ்டைவர். இருபது ஸ்டைவர் ஒரு கில்டர். கில்டரில் 160இல் ஒரு பங்கான இக்காசு, டச்சு, ஜெர்மன், ஆங்கில மொழிகளில் ‘சிறிதும் இல்லை’ என்னும் பொருள்படும் எதிர்மறைத் தொடர்களில் இடம்பெற்றது. 1816ஆம் ஆண்டின் நாணயச்சட்டம் கில்டரை 100 சென்ட்டாகப் பகுத்தபின் நெதர்லாந்தில் காசும் வழக்கொழிந்தது.

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் செப்புக்காசுகளை அடித்தது. 1726 முதல் தன் முத்திரை பொறித்த டாய்ட்டுகளை நெதர்லாந்தில் அச்சிட்டு ஆசியாவிற்கு அனுப்பியது. பெருவணிகம் பொன்னிலும் வெள்ளியிலும் நடந்தது. அங்காடிச் சில்லறை செப்பிலேயே நடந்தது. செப்பையே நாளும் கையாண்டோர்க்கு அக்காசே பணமாயிற்று. டச்சுக்காரர் ஆண்ட ஜாவா முதலிய தீவுகளிலும் இதுவே நிகழ்ந்தது. ‘டுயிட்’ என்பது இந்தோனேசிய மொழியில் இன்றும் பொதுவாகப் பணத்தைக் குறிக்கிறது. ஒன்றற்கொன்று தொடர்பற்ற இரு மொழிக்குடும்பங்களில் ஒரே பொருள்விரிவு நிகழ்ந்தமை இக்கருத்திற்கு அரண் செய்கிறது.

முடிவுரை

நாகப்பட்டினத்தில் டச்சு ஆட்சி 1781இலும் இலங்கைக் கரையோரத்தில் 1796இலும் முடிந்தது. காசு மறைந்தும் சொல் நிலைத்தது. கம்பெனிக் கணக்கேடுகள் பெருவணிகரின் வரலாற்றைத் தருகின்றன. சில்லறை கொண்டு வாழ்ந்தோரின் பொருளியல் வரலாற்றிற்குப் பேச்சுவழக்குச் சொற்களும் சான்றுகளாகக் கொள்ளத்தக்கன என்பதைத் ‘துட்டு’ உணர்த்துகிறது.