ஆறே ஆறு இடங்கள்

1965-ல் திருநெல்வேலிக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அது எழும்பியபோது, தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு டாக்டர் படிப்பு பஸ் ஏறிப் போகும் தூரத்துக்கு வந்துவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்தும் முக்கூடலிலிருந்தும் காய்ச்சலோடு வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறந்தே கிடந்தது. வகுப்பறைக் கதவுக்கு மட்டும் கணக்கு வேறு.

அந்தக் கணக்கில் 1984-ல் புதிதாக ஒன்று சேர்ந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணோடு பொது நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும் என்றது மாநில அரசு. நகரங்களில் பயிற்சி வகுப்புகள் பெருகின. பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகளுக்கு அந்தக் கட்டணம் எட்டவில்லை. கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கென்று கொண்டுவந்த ஒதுக்கீடு உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நுழைவுத் தேர்வையே எடுத்துவிட 2005-லும் 2006-லும் நடந்த முயற்சிகளும் அங்கேயே விழுந்தன. அரசு அமைத்த அனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கையை அடித்தளமாக வைத்து எழுதிய சட்டம் 2007-ல் தப்பியது. ஏழைப் பிள்ளைகளுக்கு வழி பிறந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

பிறக்கவில்லை. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்தன. இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லாத அரசுப் பள்ளிப் பிள்ளையும், அந்த விடுதியில் விடியற்காலை எழுப்பி உட்காரவைக்கப்பட்ட பிள்ளையும் ஒரே கட்-ஆஃப் பட்டியலில் நின்றார்கள். அரசுப் பள்ளிகளிலிருந்து உள்ளே போனவர்கள் அப்போதும் சொற்பம்தான். இதைச் சொல்லாமல், எல்லாப் பழியையும் பின்னால் வந்த நீட் தேர்வின்மேல் மட்டும் போடுவது சரியில்லை. ஆனால் இருந்த கொஞ்சத்தையும் நீட் துடைத்துவிட்டது.

2017-ல் தமிழகம் நீட்டுக்குள் வந்தது. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு 85 விழுக்காடு இடம் என்று அரசு ஜூனில் போட்ட ஆணையை, ஜூலையில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் வாங்கியும் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாவட்ட மாணவி அனிதாவின் உயிர் செப்டம்பர் முதல் தேதி பறிபோனது. தமிழ்நாடே கொந்தளித்தும் பட்டியல் மாறவில்லை. 2019-ல் கணக்குப் பார்த்தபோது, மாணவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரைப் படிக்கவைத்த அரசுப் பள்ளிகளுக்குக் கிடைத்த மருத்துவ இடங்கள் ஆறு.

அந்த ஆறுதான் அரசை அசைத்தது. 2020 மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. பாடத்திட்டத்தை வைத்துப் பிரித்தால் நீதிமன்றத்தில் நிற்காது என்பது 2017-லேயே தெரிந்துவிட்டது. இந்த முறை படித்த பள்ளியும் குடும்பத்தின் வறுமையும் ஆராயப்பட்டன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆணையம் பத்து விழுக்காடு இடம் கேட்டது. அமைச்சரவை இரண்டரையைக் குறைத்தது. செப்டம்பர் 15-ல் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றி ஆளுநர் பன்வாரிலால் புரோஹித்துக்கு அனுப்பியது. அங்கே அது அப்படியே நின்றது.

அக்டோபர் நடுவில் நீட் முடிவும் வந்துவிட்டது. தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையில் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆளுநரோ சட்டக் கருத்துக்குக் காத்திருந்தார். அக்டோபர் 29-ல் அரசு பொறுமை இழந்தது. அரசியலமைப்பின் 162-வது பிரிவைக் காட்டி, ஆளுநரின் ஒப்புதல் வேண்டாத அரசாணையாகவே அதை வெளியிட்டது. மறுநாளே மசோதாவிலும் கையெழுத்து விழுந்தது!

இன்று அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ பிள்ளைகள் சர்வசாதாரணமாகச் சொல்லும் 'செவன் பாயின்ட் ஃபைவ்' பிறந்தது இப்படித்தான். நவம்பர் 18-ல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியபோது, ஆறு இருந்த இடத்தில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து நானூறுக்கு மேல் இடங்கள் இருந்தன. அங்கேயும் ஒரு சோதனை. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் கட்டணத்தைக் கேட்டதும் வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். கட்டணத்தை அரசே கட்டும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று இந்த ஒதுக்கீடு விரிந்தது.

நெல்லைச் சீமைக்கு மட்டும் ஒரு முடிச்சு மிச்சமிருக்கிறது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸும் அவருக்குப் பின் வந்த மிஷனரிகளும், அரசு எட்டிப்பார்க்காத ஊர்களில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அந்த வழியில் வந்த, தென்னிந்தியத் திருச்சபையின் டி.டி.டி.ஏ. பள்ளிகளும், கத்தோலிக்கத் திருச்சபையின் ஆர்.சி. பள்ளிகளும் இன்று அரசு உதவிபெறும் பள்ளிகள். ஒதுக்கீட்டுக்கான சான்றிதழில் ஆறாம் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டு வரை வகுப்புவாரியாகப் பள்ளியின் பெயரை எழுத வேண்டும். எல்லாமே அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். உள்ளூரில் இருந்தது டி.டி.டி.ஏ. நடுநிலைப் பள்ளி மட்டுமே என்பதால் அங்கே எட்டாம் வகுப்பு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறிய பீடித் தொழிலாளியின் மகள், ஆறு, ஏழு, எட்டு என்ற மூன்று வரிகளில் தகுதி இழக்கிறாள். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து அரசுப் பள்ளிக்கு மாறியவருக்கோ சட்டமே விலக்கு தந்திருக்கிறது. இரண்டு பேருமே ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவளை வெளியே நிறுத்த நியாயமான காரணம் எதுவும் இல்லை.

2022 ஏப்ரல் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுகளில் மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அந்த மறுஆய்வின் முதல் வேலை, சான்றிதழின் அந்த மூன்று வரிகளைத் திருத்துவதாக இருக்க வேண்டும்.